சின்தசைசரும் பவர் டேபிளும்: ‘ரோஜா’ கேட்கப்பட்ட விதங்கள்

1

‘ரோஜா’வைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியான மணிரத்னத்தின் அந்தப் படம் தேசம், காஷ்மீர், பயங்கரவாதம், நவீனத் தம்பதி என்று பல முனைகளிலிருந்தும் வாசிக்கப்பட்டுவிட்டது. ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் 1994 ஜனவரியில் தேஜஸ்வினி நிரஞ்சனா எழுதிய கட்டுரையும், அதைத் தொடர்ந்து வெங்கடேஷ் சக்கரவர்த்தி, எம்.எஸ்.எஸ். பாண்டியன், ருஸ்தம் பரூச்சா போன்றோர் எழுதியவையும் இந்திய சினிமா பற்றிய விவாதத்தையே வேறொரு தளத்துக்கு நகர்த்தின. தமிழ்ச் சிறுபத்திரிகை வட்டத்திலும் அந்த விவாதத்தின் எதிரொலி இருந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட ஆண்டில் வந்த படம் என்பதால் அந்தக் கேள்விகள் தவிர்க்க முடியாதவை. இன்றைக்கும் அவற்றின் கூர் மழுங்கவில்லை.

இந்தக் கட்டுரையின் கவலை வேறு. படத்தைப் பார்த்தவர்களைவிடப் பாட்டைக் கேட்டவர்கள் பல மடங்கு அதிகம். இருபத்தைந்து வயதுகூட நிறையாத பெரும்பாலான பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அன்று ‘ரோஜா’ என்பது ஒரு கேசட். தியேட்டரில் ஒரு தடவை பார்த்த படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துபோகும். கேசட்டோ நாள் முழுக்க ஓடும். அப்படியிருக்க, நமது விமர்சனத்தின் முதன்மைக் கவனம் கண் சார்ந்ததாகவே இருந்துவிட்டது. கொடி எரிக்கப்படும் காட்சியை நாம் சட்டகம் சட்டகமாகக் கட்டுடைத்தோம். அதே கேசட்டை ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்டவர் என்ன கேட்டார் என்று விசாரிக்கவில்லை. கேட்பதையும் ஒரு வாசிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது. அந்த வாசிப்பு நடந்த இடங்களில் ஒன்று திருப்பூர்.

2

முதலில் இந்த ஒலி எப்படிப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் குறைந்தது மூன்று வேறு வேறு கருவிகள் அடங்கியிருக்கின்றன.

ஒன்று, சின்தசைசர். இது ஆர்மோனியத்தின் மின்சார வடிவம் அல்ல. ஆர்மோனியத்தில் காற்று ஓர் உலோக நாக்கை அதிரச் செய்கிறது. வயலினில் நரம்பு, மிருதங்கத்தில் தோல். சின்தசைசரில் அதிரும் பொருள் என்று எதுவும் கிடையாது. மின்னலையின் வடிவத்தை உருவாக்கி, வடிகட்டி, கூட்டிக் குறைத்து அனுப்புகிறார்கள். ஒலிபெருக்கிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதன்முதலாகக் காற்று அதிர்கிறது. அதாவது, இந்த ஒலிக்கு ‘மூலம்’ என்று காட்ட ஒரு பொருள் இல்லை. இரண்டு, சாம்ப்ளர். நிஜமான ஓர் ஒலியை, ஒரு தாள அடியையோ குரலின் ஒரு துணுக்கையோ பதிந்து வைத்துக்கொண்டு, அதை எந்தச் சுருதியிலும் திருப்பித் தருவது. மூன்று, சீக்வென்சர். எந்த ஸ்வரம் எந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்தத்தோடு ஒலிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்து, தப்பாமல் ஓட்டிக் காட்டுவது. 1983இல் மிடி என்கிற பொது ஏற்பாடு வந்த பிறகு வேறு வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடிந்தது. மிடி வழியாகப் போவது ஒலி அல்ல, வெறும் உத்தரவு: இந்தக் கட்டையை, இந்த நேரத்தில், இவ்வளவு அழுத்து.

ஏ.ஆர். ரஹ்மான் ‘ரோஜா’வுக்கு முன்னால் இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தவர், விளம்பரங்களுக்கு இசை அமைத்தவர். கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்று சொந்தமாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். இது முக்கியமான விஷயம். பெரிய ஸ்டுடியோவில் கால்ஷீட் எடுத்து, முழு வாத்தியக் குழுவையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, எழுதிய ஸ்வரத்தாளைப் பார்த்து ஒன்றாக வாசிக்க வைப்பது ஒரு உற்பத்தி முறை. ஒவ்வொருவராக, பெரும்பாலும் ராத்திரியில், வேறு வேறு நாட்களில் வந்து தன் பங்கை மட்டும் வாசித்துவிட்டுப் போக, எல்லாத் தடங்களையும் பிற்பாடு ஒருவர் அடுக்கி முடிப்பது இன்னொரு உற்பத்தி முறை. பாடகருக்கு மொத்தப் பாட்டும் எப்படி வரப்போகிறது என்பது கேசட் வெளிவந்த பிறகே தெரியும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம்; கட்டிங் முடிந்து பவர் டேபிளுக்குப் போய், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் முடிவதற்குள் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது. கழுத்துப் பட்டை வைப்பவருக்கு அது எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாது. இந்த ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் பாதி தூரம்தான் வரும். ஸ்டுடியோவில் துண்டுகளைச் சேர்ப்பவரே அதைக் கற்பனை செய்தவரும். திருப்பூரில் துண்டுகளைச் சேர்ப்பவர் எவரும் கற்பனை செய்தவர் அல்லர். பையர் அனுப்பிய சாம்பிள் பீஸ் ஒன்று மேசை மேல் கிடக்கும், பத்தாயிரமும் அதைப் போலவே வர வேண்டும். ஸ்டுடியோவில் ‘சாம்பிள்’ என்பது எடுத்து மாற்றுவதற்கானது. கம்பெனியில் ‘சாம்பிள்’ என்பது இம்மியும் மாறாமல் திரும்பச் செய்வதற்கானது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, இரண்டும் ‘பின்நவீன உற்பத்தி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது சோம்பேறித்தனம்.

3

விமர்சகர்கள், அதாவது டீக்கடையிலிருந்து இலக்கியக் கூட்டம் வரை இசை பற்றி அபிப்பிராயம் சொன்னவர்கள், இந்த இசையின் மேல் வைத்த குற்றச்சாட்டுகள் மூன்று. உயிர் இல்லை, இயந்திரம் வாசிக்கிறது. மண் வாசனை இல்லை. சத்தம் வார்த்தையை முழுங்குகிறது.

மூன்றில் முதலாவது நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டனின் எஃகு நகரமான ஷெஃபீல்டிலிருந்து ஹியூமன் லீக் என்ற குழு 1981இல் ‘டேர்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை, முழுக்க சின்தசைசர். முந்தின வருஷம்தான் பிரிட்டிஷ் எஃகுத் தொழிலாளர் தேசம் தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியிருந்தார்கள், ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. அந்தத் தொகுப்பை ஜனங்கள் கொண்டாடினார்கள். ‘இதெல்லாம் நிஜமான இசையா’ என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1982இல் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கோரித் தீர்மானமே போட்டது. இதைப் பழமைவாதம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ‘உயிர் இல்லை’ என்கிற அழகியல் வாக்கியத்துக்கு அடியில் ‘வேலை இல்லை’ என்கிற வாக்கியம் ஒன்று இருப்பதை அந்தத் தீர்மானம் வெளிப்படையாகச் சொன்னது. தமிழில் இரண்டாவது வாக்கியத்தை யாரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. சென்னை சினிமா இசைக்கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியவர் ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தின் இசையமைப்பாளர், கம்யூனிஸ்ட், எம்.பி. சீனிவாசன். அவர் 1988இல் காலமானார். நான்கு வருஷம் கழித்து வந்த ‘ரோஜா’வைப் பற்றி இடதுசாரிகளாகிய நாம் பேசியதெல்லாம் கருத்தியல். கூடத்தில் உட்கார்ந்திருந்த வயலின் வரிசை என்ன ஆகும் என்பது நம் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இதில் மறுபக்கமும் உண்டு. ரஹ்மானின் தொகுப்புகளின் உறைகளில் வாத்தியக்காரர்கள், ஒலிப்பதிவாளர்கள் பெயர்கள் அச்சாகத் தொடங்கின. பழைய முறையில் நிறையப் பேருக்கு வேலை இருந்தது, பெயர் இல்லை. புதிய முறையில் வேலை சிலருக்குச் சுருங்கியது, அந்தச் சிலருக்குப் பெயர் கிடைத்தது. இது முன்னேற்றமா, பின்னடைவா? இரண்டுக்கும் கணக்குப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இரண்டாவது குற்றச்சாட்டு மண் வாசனை. இது வந்ததற்குக் காரணம் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவரைக் கிராமத்தின் குரலாகவும், அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிந்தைய சூழலில் ஒடுக்கப்பட்டோரின் மேதைமைக்குச் சாட்சியாகவும் நமது வட்டத்தில் முன்வைத்தோம். பிரேம் - ரமேஷ் 1998இல் அவருடைய இசையின் தத்துவம், அழகியல் பற்றித் தனி நூலே கொண்டுவந்தார்கள். அந்த இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘அன்னக்கிளி’யின் கிராமமும் மேற்கத்திய நரம்பு வாத்தியங்களின் துணையோடு ஸ்டுடியோவில் கட்டப்பட்ட கிராமம்தான். 1986இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் கம்ப்யூட்டர் வழி இசையைக் கையாண்டவரும் அதே இளையராஜாதான். எனவே ‘மனிதன் எதிர் இயந்திரம்’ என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இன்னும் பின்னால் போனால், அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே தடை செய்து வைத்திருந்தது: அந்நியக் கருவி, நம் கமகம் அதில் வராது என்று. அதே காலத்தில் நம் ஊர் நாடகக் கொட்டகைகளும் பஜனை மடங்களும் ஆர்மோனியம் இல்லாமல் ஓடவில்லை. எது ‘மண்’ என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது, வார்த்தை. இது உண்மையான பிரச்னை. தமிழில் சினிமாப் பாட்டு என்பது முதலில் வரி, அப்புறம்தான் மெட்டு என்கிற பழக்கம் திராவிட இயக்க மேடையோடு சேர்ந்து வளர்ந்தது. வார்த்தை கேட்காத பாட்டு என்றால், கருத்தைச் சுமக்காத பாட்டு என்று நமக்குப் பதறுகிறது. ‘ரோஜா’வில் வைரமுத்துவின் வரிகள் தெளிவாகவே கேட்கின்றன, அவருக்கும் ரஹ்மானுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. ‘காதலன்’ (1994) போன்ற அடுத்தடுத்த தொகுப்புகளில்தான் இந்தப் புகார் வலுத்தது. இந்தப் புகாரைத் தொழிற்கூடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

4

1990களின் முதல் பாதியில் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். ஆகவே இந்தப் பகுதி பிறர் சொல்லக் கேட்டது அல்ல.

ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்து, ஊர் ‘டாலர் சிட்டி’ ஆகிக்கொண்டிருந்த காலம். 1984இல் பஞ்சப்படிக்காக நூறு நாட்களைத் தாண்டி நடந்த வேலைநிறுத்தத்தின் நினைவு பெரியவர்களிடம் இருந்தது. வேலையோ சின்னச் சின்ன யூனிட்டுகளாக, காண்ட்ராக்டாகச் சிதறிக்கொண்டிருந்தது. வேலை நேரம் ‘ஒண்ணரை ஷிப்ட்’. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை. ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய. பவர் டேபிளில் பெரும்பாலும் ஆண்கள்; செக்கிங், கைமடியில் பெண்களும் சின்னப் பசங்களும். எங்காவது ஒரு மூலையில் டூ-இன்-ஒன் ஒன்று இருக்கும். கேசட் பெரும்பாலும் கம்பெனி வெளியிட்டது அல்ல. ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கியது. ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் ரஹ்மான் என்று இருக்கும். விமர்சனத்தில் எதிரெதிர் முகாமில் நின்ற இருவரும் அந்தத் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தார்கள்.

பத்து ஓவர்லாக் ஒரே சமயத்தில் ஓடும் கூடத்தில் பாட்டு எப்படிக் கேட்கும்? இழுத்து வாசிக்கும் வயலின் கேட்காது, இரைச்சலோடு கரைந்துவிடும். மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும் எதுவும் கேட்காது. சட்டென்று விழுந்து சட்டென்று நிற்கும் ஒலிகள்தான் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும். கைதட்டல் போன்ற அடி, மணி போன்ற கீபோர்டு, கூர்மையான பெண் குரல். சின்தசைசர் இசை இயந்திரக் கூடத்துக்கு ஒத்துவந்ததற்கு இது ஒரு பௌதிகக் காரணம். வார்த்தை முழுங்கப்படுகிறது என்று விமர்சகர் அமைதியான அறையில் உட்கார்ந்து சொன்னார். எங்களுக்கு எல்லாப் பாட்டிலும் வார்த்தை பாதிதான் கேட்டது. மீதியை அவரவர் நிரப்பிக்கொண்டார்கள்.

அதேபோல, ‘சின்ன சின்ன ஆசை’யில் ரெகே தாளத்தை ஒட்டி நடக்கும் பேஸைப் புரட்சி என்றார்கள். அந்த டூ-இன்-ஒன்னில் பேஸ் என்ற ஒன்றே கிடையாது, இத்தனூண்டு ஸ்பீக்கர். அது கேட்டது பஸ்ஸில்தான். கொங்குப் பகுதித் தனியார் பஸ்களில் சீட்டுக்கு மேலும் கீழும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். பல்லடத்துக்கோ அவினாசிக்கோ கடைசி பஸ்ஸில் போகிறபோது அதே பாட்டு வேறு பாட்டாக இருக்கும். ஆக, ஒரே தொகுப்பு ஒரே நபரிடம் ஒரே நாளில் இரண்டு பிரதிகளாகப் போய்ச் சேர்ந்தது. ‘ரசிகர் வரவேற்பு’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது எந்தக் கருவியில், எந்த நேரத்தில், எவ்வளவு அசதியோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெய்லர் ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது: “இவன் பாட்டுல அடி தப்பறதே இல்லீங். நம்ம மெஷினு நூல் அறுந்தா நின்னுக்குது.” இயந்திர இசை என்று நாம் சொன்னதை இயந்திரத்தோடு வாழ்ந்தவர் இப்படிக் கேட்டார். நிஜ இயந்திரம் தடுமாறும், சூடாகும், ஊசி உடையும், கரண்ட் போனால் மூச்சடங்கும். சீக்வென்சரின் தாளம் இயந்திரத்தின் தாளம் அல்ல. இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்படுகிறாரோ அந்தத் தாளம். அதில் ஓர் இனிமை இருந்தது. ஓர் ஆபத்தும் இருந்தது.

ஆபத்து என்னவென்றால், பாட்டு யாருக்காகப் போடப்பட்டது என்பது. பிபிசி 1940 ஜூனில் ‘வேலையோடு இசை’ என்ற நிகழ்ச்சியைப் போர்க்கால ஆலைகளுக்காகத் தொடங்கியது. உற்பத்தி கூடுவதற்காகத் தாளம் பார்த்துப் பாட்டு தேர்ந்தார்கள். ரசிகர் நடுவில் கைதட்ட வேண்டிய ஓர் அமெரிக்கப் பாட்டை அந்த நிகழ்ச்சியிலிருந்து விலக்கி வைத்தார்கள். தொழிலாளர்கள் கையிலிருக்கும் கருவியால் மெஷினையே தட்டிவிடுவார்கள் என்ற பயம். நம் ஊரில் இவ்வளவு திட்டம் கிடையாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் சவுண்டைக் கூட்டி வைப்பவர் காண்ட்ராக்டர்தான். தூங்கி விழாமல் இருப்பதற்கு டீயும் பாட்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவரை வேகப்படுத்த வெளியிலிருந்து சாட்டை வேண்டாம், தாளம் போதும். அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதியபோது, ஓய்வு நேரமும் உழைப்பு நேரத்தின் நிழலாகிவிடுகிறது என்றார். எங்களுக்கு ஓய்வு நேரமே இல்லை. உழைப்பு நேரத்துக்குள்ளேயே அந்த இசை நுழைந்தது. அடோர்னோவின் கணக்கில் இது வராது.

அவர் கணக்கில் வராத இன்னொன்று, கேட்பவர் பதில் பேசுவது. ‘சின்ன சின்ன ஆசை’ பெண் பிள்ளைகளின் பாட்டாக இருந்தது. “ஏனுங்ணா, அதையே இன்னொருக்கா போடுங்ணா” என்று கைமடியிலிருந்து குரல் வரும். நுகர்வுக் கலாச்சாரத்தின் கீதம் என்று இதைச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அதில் ஆசைப்படுபவை பெரும்பாலும் கடையில் விற்காதவை. ஆனால் வயலில் இறங்கி நடவு நடுவதும் அந்த ஆசைப் பட்டியலில் ஓரிடத்தில் வருகிறது. தாராபுரம் பக்கத்திலிருந்து காட்டு வேலையை விட்டுவிட்டு வந்த பெண் ஒருத்தி சொன்னாள்: “இதெல்லாம் ஒரு ஆசைங்களா? நட்டுப் பாத்தாத் தெரியும் இடுப்பு வலி.” சொல்லிவிட்டு அடுத்த வரியை அவளே பாடினாள். கிராமத்தை அழகுக் காட்சியாக்கும் நகரத்துக் கற்பனை பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதிய விமர்சனம் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. பாட்டை நிராகரிக்காமலே அதன் கருத்தியலை நிராகரிப்பது என்பது கோட்பாட்டாளர்கள் சிரமப்பட்டு வந்தடையும் இடம். அவள் நின்றுகொண்டிருந்ததே அங்கேதான்.

பொதுவாகக் கேட்ட மற்றொரு அபிப்பிராயம்: “மொதல்ல ஒண்ணும் தெரியலீங், கேக்கக் கேக்க ஒட்டிக்குதுங்.” ரஹ்மானைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்பட்டதுதான் இது. அடுக்கடுக்காகப் பதிந்த ஒலி, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைக் காட்டும் என்று அதற்கு இசை சார்ந்த விளக்கம் சொல்லலாம். ‘கேட்கக் கேட்க’ என்பதற்கு ஓர் உழைப்பு சார்ந்த விளக்கமும் உண்டு. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர், பன்னிரண்டு மணி நேரம் ஓரிடத்தில் இருந்தாக வேண்டியவர், கேட்கக் கேட்கத்தான் கேட்க முடியும்.

5

இயந்திர ஒலி வெள்ளைக்காரத்தனமானது என்ற எண்ணத்துக்கு வேறொரு வரலாறு பதில் சொல்கிறது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்துக் குழு கிராஃப்ட்வெர்க், ‘ஆட்டோபான்’ (1974), ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ (1977), ‘தி மேன் மெஷின்’ (1978) ஆகிய தொகுப்புகளை உருவாக்கியது. உணர்ச்சியற்றது, ரோபோத்தனமானது என்று ராக் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதை எடுத்துத் தன்னுடையதாக்கியவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் கறுப்பின இளைஞர்கள். ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ (1982) கிராஃப்ட்வெர்க்கின் மெட்டின் மேல் கட்டப்பட்டது. கார் தொழிற்சாலைகளின் ஊரான டெட்ராய்டில் அதே ஒலியிலிருந்து டெக்னோ பிறந்தது. ஒலி யாருடையது என்பதை அது பிறந்த இடம் மட்டும் முடிவு செய்வதில்லை. கைப்பற்றியவர்களும் முடிவு செய்கிறார்கள்.

இதை ‘தமிழா தமிழா’ பாட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். ஹரிஹரன் பாடிய அந்தப் பாட்டு தமிழில் தமிழனை விளிக்கிறது. படம் இந்திக்குப் போனபோது அதே மெட்டு பாரதத்தை விளிக்கும் பாட்டானது. பிரதி ஒன்று, விளிக்கப்படும் தன்னிலை இரண்டு. தமிழ்த் தேசியத்துக்கும் இந்திய தேசியத்துக்கும் ஒரே தாளம், ஒரே கோரஸ், ஒரே கீபோர்டு. தேச ஒற்றுமைக்கான நர்கிஸ் தத் விருது பெற்ற படத்தின் இசை, தேசங்களை இவ்வளவு எளிதாக மாற்றிப் போட முடியும் என்று காட்டிவிட்டது. தேசபக்தி என்கிற பெருங்கதையாடலை அந்தப் படம் எவ்வளவு இறுக்கமாகக் கட்டியதோ, அவ்வளவுக்கு இசையின் உற்பத்தி முறை அதை இளக்கிவிடுகிறது. குரல் தடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இது வெறும் கோட்பாட்டு வேடிக்கை அல்ல. 2005 ஜனவரி 1 அன்று ஆடை ஏற்றுமதிக்கான சர்வதேச ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே திருப்பூரின் தொழிலாளர் முகம் மாறிவிட்டது. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் என்று வந்தவர்கள் இன்று எல்லா யூனிட்டிலும் இருக்கிறார்கள். டூ-இன்-ஒன் போய்விட்டது, செல்போனும் காதில் செருகும் ஒயரும் வந்துவிட்டன. ஒரே கூடத்தில் ஒரே பாட்டு என்பது போய், அவரவருக்கு அவரவர் பாட்டு. காண்ட்ராக்டரின் கேசட்டிலிருந்து விடுதலை என்று இதைச் சொல்லலாம். பக்கத்து மெஷின்காரர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் போன தனிமை என்றும் சொல்லலாம்.

2023 பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரப்பப்பட்டன. காவல்துறை வழக்குப் பதிந்தது. பொய் என்று நிரூபணமானது. அதற்குள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. அந்தப் பொய்யும் வந்தது அதே செல்போன் வழியாகத்தான். அந்த வாரங்களில் நான் யோசித்தது இது: ‘தமிழா தமிழா’ தெரிந்தவரும் அதன் இந்தி வடிவம் தெரிந்தவரும் ஒரே டேபிளில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் மெட்டு தெரியும். அடுத்தவருக்கும் அது தெரியும் என்பதுதான் தெரியாது. பாட்டு ஒற்றுமையைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நர்கிஸ் தத் விருதுக் குழுவோடு சேர்ந்துவிடுவேன். சங்கம், கூலி, வீட்டு வாடகை, பி.எஃப். இவற்றில்தான் ஒற்றுமை கட்டப்பட வேண்டும். ஆனால் பேச்சைத் தொடங்க ஒரு பொதுச் சொல் வேண்டியிருக்கிறது. மொழி இல்லாத இடத்தில் மெட்டு அந்த வேலையைச் செய்யும்.

6

சுருக்கிச் சொல்வதானால், செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, ‘ரோஜா’ போன்ற பிரதிகளைப் பற்றி எழுதும்போது ஒலிப்பதிவுக் கூடத்தையும் உற்பத்தித் தளமாகப் பார்ப்பது. அங்கே வேலை இழந்த வயலின்காரர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் எழுதப்படாவிட்டால் தமிழ் இசையின் வரலாறு இசையமைப்பாளர்களின் வாழ்க்கை வரலாறாகவே மிஞ்சும்.

இரண்டு, ரசிகர் என்ற அருவமான ஆளை விட்டுவிட்டு, குறிப்பிட்ட வேலையில் குறிப்பிட்ட இரைச்சலுக்குள் கேட்டவர்களைத் தேடிப் போவது. 1992இல் பதினாறு வயதில் கைமடிக்கு வந்தவருக்கு இன்று ஐம்பதுக்குப் பக்கம். பலருக்குக் காது மந்தம். அது மெஷினால் வந்தது. இசை பற்றி அவர்களிடம் கேட்கப் போகிறவர்கள் அந்தக் காதைப் பற்றியும் கேட்டுவர வேண்டும். தொழில்சார் கேள்விக்குறைவு நஷ்ட ஈட்டுக்குரியது என்பதைச் சொல்லிவிட்டும் வர வேண்டும்.

மூன்று, தொழிற்சங்கத் தோழர்களுக்கு. மே தினக் கலை இரவுகளில் நாம் இன்னும் பறையும் தெருக்கூத்தும் மட்டுமே மக்கள் கலை என்று மேடையேற்றுகிறோம். அவை வேண்டும். ஆனால் முப்பது வருஷமாகப் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவரின் நினைவில் தங்கியிருப்பது கீபோர்டும் டிரம் மெஷினும்தான். அந்த ஒலியை முதலாளியின் ஒலி என்று விட்டுக்கொடுத்தால் அவரவர் இளமையையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஒரு பழைய கீபோர்டை மேடையேற்றி, இரண்டு மொழிக்காரர்களையும் ஒரே மெட்டுக்கு அவரவர் கூலி பற்றி அவரவர் வார்த்தையில் பாடச் சொல்லிப் பார்க்கலாம். குரல் தடத்தை மாற்ற முடியும் என்று கோடம்பாக்கம் நிரூபித்துவிட்டது. அதை நாமும் செய்யலாம்.